நீர்க்கரடியை நம்பி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கலாமா?

பாசித்திட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் ஆய்வுத் தலைப்பை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன், வழக்கத்தில் இல்லாத உயிரிகளை வைத்து ஆய்வு செய்து பழகியவர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

உடலிலுள்ள நீரில் பெரும்பகுதி வெளியேறிய பிறகும் ஓர் உயிரணு எப்படிச் சிதையாமல் இருக்கிறது, நீர் மீண்டும் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்கிறது என்பதே என் கேள்வி. இது என்னைப் பிடித்துக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதுகலை இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பில், பல மாதங்களாகக் காகித உறைக்குள் காய்ந்து கிடந்த சுவர்ப்பாசியை ஒரு பெட்ரி தட்டில் நனைத்து வைத்தோம். மணல் துகள் போலக் கிடந்த பழுப்பு நிற உருண்டை ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளே இழுத்துக்கொண்டிருந்த கால்கள் இணை இணையாக வெளியே வந்தன. கடைசி இணைக் கால்களின் நகங்கள் அருகிலிருந்த பாசி இலையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த நீர்க்கரடி நடக்கத் தொடங்கியபோது, நான் எதைப் படிக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

என் நெறியாளரின் ஆய்வகத்தில் பழ ஈயை வைத்து வறட்சித் தாங்குதிறனை ஆராய்கிறார்கள். என் ஆர்வத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால், பழ ஈக்கு நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்த மரபுத்திரிபு வகைகளும், எந்த மரபணுவையும் எந்தத் திசுவிலும் இயக்கவோ நிறுத்தவோ உதவும் வழிமுறைகளும், எழுதினால் அனுப்பி வைக்கும் சேமிப்பு மையங்களும் இருக்கின்றன என்றும், நீர்க்கரடிக்கு அவற்றில் எதுவும் இல்லை என்றும், நான்கு ஆண்டுகளில் கருவியைச் செய்வதற்கே காலம் போய்விடும் என்றும் அவர் கவலைப்படுகிறார். அவர் அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், காய்ந்தால் இறந்துவிடும் ஓர் உயிரியை வைத்துக்கொண்டு, காய்ந்தும் இறக்காத தன்மையை எப்படிப் புரிந்துகொள்வது என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

இப்படிப்பட்ட உயிரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? தொடங்கும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஊக்கச் சொற்களைவிட உண்மையான கணக்கையே எதிர்பார்க்கிறேன்.


கரையோரம் எழுதியது:

உங்கள் நெறியாளரின் கவலை நியாயமானது. அதை ஒதுக்கிவிட வேண்டாம். ஆயினும், வழக்கமான உயிரி, வழக்கமில்லாத உயிரி என்று நாம் பிரிப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 1963இல் சிட்னி பிரென்னர் மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நூற்புழுவை ஆய்வுக்கு எடுக்கலாம் என்று முன்மொழிந்தபோது, இன்று அதற்கு இருக்கும் எந்தக் கருவியும் இல்லை. அதன் மரபியலை விரிவாகச் சொல்லும் அவரது கட்டுரை 1974இல்தான் வந்தது. உடல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், சில நாட்களில் ஒரு தலைமுறை முடியும், நரம்பணுக்களோ 302 மட்டுமே என்பதால், நரம்பமைப்பு முழுவதையும் எண்ணி வரைந்துவிடலாம் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. கருவிகள் பிறகு வந்தன.

ஒவ்வொரு கேள்வியையும் வசதியாக ஆராய்வதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு விலங்கு எங்கேனும் இருக்கும் என்று டென்மார்க் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் க்ரோக் 1929இல் சொன்னார். இதற்குக் கணவாயின் பெருநரம்பிழையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் மேல் போவதால், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் அதற்குள்ளேயே மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளக்க முடிந்தது. இது பலரும் அறிந்த கதை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது டெட்ராஹைமீனாவின் கதை என்று நினைக்கிறேன். இது குளத்து நீரில் நீந்தும் ஒற்றையணு உயிரி. உடல் முழுவதும் நுண்ணிழைகள் உண்டு. குரோமோசோமின் நுனியில் என்ன இருக்கிறது என்பது 1970களில் விடை தெரியாத கேள்வி. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள், ஆகவே 92 நுனிகள், மீதமுள்ள டி.என்.ஏவுக்கு நடுவே இந்த நுனிகளைத் தேடிப் பிடிப்பது அன்றைய முறைகளால் முடியாத காரியம். டெட்ராஹைமீனாவோ தன் பெரிய உட்கருவில், ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்கான மரபணுவை மட்டும் தனியே வெட்டி எடுத்து, குட்டையான குரோமோசோம்களாக ஆயிரக்கணக்கில் பெருக்கி வைத்துக்கொள்கிறது. அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனிகள். அதாவது, மற்ற உயிரிகளில் அரிதாகக் கிடைக்கும் பொருள் இதில் குவிந்து கிடக்கிறது. எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் 1978இல் அந்த நுனிகளில் ஆறெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்கள். அந்தத் தொடரைச் சேர்க்கும் நொதியான டெலோமரேஸை 1984இல் பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரைடர் அதே உயிரியில் கண்டார். அவர்கள் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, புரதத்தின் துணையில்லாமல் ஓர் ஆர்.என்.ஏ தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் என்று தாமஸ் செக் 1982இல் கண்டதும் இதே டெட்ராஹைமீனாவில்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டாணியில் அத்தனை தெளிவான விகிதங்களைக் கண்ட மெண்டல், பிறகு ஹீராசியம் என்னும் மஞ்சள் பூச்செடிக்குச் சென்றார். மிகச் சிறிய பூக்களில் மகரந்தத்தை நீக்கிக் கலப்புச் செய்யும் வேலை அவர் கண்களையே வருத்தியது. கிடைத்த விகிதங்களோ பட்டாணியோடு பொருந்தவே இல்லை. அந்தச் செடி பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருகிறது, ஆகவே பிள்ளைச் செடிகள் தாயின் நகல்கள் என்பது அவர் மறைந்த பிறகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெளிவானது. மெண்டலின் உழைப்பிலும் கூர்மையிலும் குறையில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை தரும் உடலமைப்பு அந்தச் செடிக்கு இல்லை.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீர்க்கரடியில் எது குவிந்து கிடக்கிறது? வேறு எங்கும் கண்ணுக்குத் தென்படாத எது அதில் தென்படுகிறது? ‘காய்ந்தும் வாழ்கிறது’ என்பது அதன் சிறப்பைச் சொல்கிறதே தவிர, அந்தச் சிறப்பை அளப்பதற்கான பிடி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்தப் பிடியை இரண்டு வரியில் எழுத முடிந்தால், உங்கள் நெறியாளர் பாதி சம்மதித்துவிடுவார்.


நன்னீர்த்தட்டு எழுதியது:

நான் பிளனேரியா தட்டைப்புழுக்களோடு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தவன். துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளர்வதைப் பார்த்து மயங்கித்தான் நானும் இதற்குள் வந்தேன். மேலே சொல்லப்பட்ட வெற்றிக் கதைகள் எல்லாம் உண்மை. ஆனால் கதையில் வராத ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் வளர்ப்பு.

என் முதல் இரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் புழுக்களை உயிரோடு வைத்திருப்பதிலேயே போனது. ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தபோது, ஏறக்குறைய எல்லாத் தட்டுகளிலும் புழுக்கள் தலைப்பகுதி கரைந்து, வெண்ணிறச் சளியாக அடியில் ஒட்டிக் கிடந்தன. நீரைச் சோதித்தேன், வெப்பநிலையைச் சோதித்தேன், தீனியைச் சோதித்தேன். மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. தட்டுகளைக் கழுவியபோது சலவைத்தூளின் எச்சம் முழுவதும் நீங்காமல் இருந்திருக்கிறது; கழுவியவன் நானே. அன்று முதல் புழுக்களுக்கான பாத்திரங்களில் எந்தச் சலவைப் பொருளும் படாமல் தனியாக வைத்திருக்கிறேன். பழ ஈ ஆய்வகத்தில் இப்படி ஒரு தவறு நேர்ந்தால் சேமிப்பு மையத்துக்கு எழுதி அதே வகையை மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். எனக்கு, நான் தனியே பெருக்கி வைத்திருந்த மூன்று வழிகளில் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்த கூட்டங்களில்) இரண்டு நிரந்தரமாகப் போய்விட்டன.

நீர்க்கரடிக்கு வருகிறேன். சுவர்ப்பாசியை நனைத்தால் வரும் நீர்க்கரடிகள் அனைத்தும் ஓரினம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பிடிப் பாசியில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது சாதாரணம். சில குழுக்களில் முட்டையின் மேற்பரப்பு வடிவத்தைப் பார்க்காமல் இனத்தை உறுதி செய்யவே முடியாது. எல்லாம் ஒரே உணவை உண்பதும் இல்லை: ஹிப்சிபியஸ் ஒற்றையணு ஆல்காவை உறிஞ்சிக் குடிக்கும், மில்னீசியமோ சக்கர உயிரிகள் என்னும் நுண்விலங்குகளையும் மற்ற நீர்க்கரடிகளையும் வேட்டையாடும். இரண்டையும் அறியாமல் ஒரே தட்டில் விட்டால் ஒரு வாரத்தில் உங்கள் ஆய்வுப்பொருளே குறைந்துகொண்டு வரும். ஆகவே, காட்டிலிருந்து எடுத்ததை வைத்துத் தொடங்காமல், பிற ஆய்வகங்களில் பல்லாண்டுகளாக வளர்ந்துவரும் ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ் அல்லது ராமசோட்டியஸ் வேரியோர்னேட்டஸ் வழியைக் கேட்டுப் பெறுங்கள். இவை ஆண் துணையின்றிக் கன்னி இனப்பெருக்கம் செய்பவை என்பதால் ஒரே தாயிலிருந்து முழுக் கூட்டத்தையும் பெருக்கலாம். அதே காரணத்தால், இவற்றில் இனக்கலப்புச் செய்து மரபணுவைத் தேடும் பழைய மரபியல் முறை உங்களுக்குக் கிடைக்காது. கரையோரம் அவர்கள் சொன்ன ஹீராசியத்தை இங்கே ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, தூய்மை. 2015இல் ஹிப்சிபியஸின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்திய ஒரு குழு, அதன் மரபணுக்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா முதலான பிற உயிரிகளிடமிருந்து வந்தவை என்று அறிவித்தது. அதே இனத்தைத் தனியாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்த இன்னொரு குழு, அந்தத் தரவில் கிடந்தவற்றுள் பெரும்பாலானவை நீர்க்கரடியோடு தட்டில் வாழ்ந்த நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ என்று உடனடியாகச் சுட்டிக்காட்டியது. 2016இல் ராமசோட்டியஸின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அதில் பிறவழி மரபணுக்கள் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டின. முதல் குழுவினர் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு தனி விலங்கில் கிடைக்கும் டி.என்.ஏ மிகவும் கொஞ்சம் என்பதால் பல்லாயிரம் விலங்குகளைச் சேர்த்து அரைக்க வேண்டியிருக்கிறது. அவற்றின் குடலும் தோலும் தட்டு நீரும் சேர்ந்தே வருகின்றன. பலரும் பலமுறை வரிசைப்படுத்திவிட்ட உயிரியில் இப்படிப்பட்ட கலப்படம் உடனே கண்ணில் படும். புதிய உயிரியில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லாததால், பிழையும் கண்டுபிடிப்பும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதம் வளர்ப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்கள் கூட்டம் தொடர்ந்து பெருகவில்லை என்றால் தலைப்பை மாற்றிக்கொள்ளும் மனத்தோடு இருங்கள்.


வெட்டுமுனை எழுதியது:

நன்னீர்த்தட்டு அவர்கள் வளர்ப்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் கருவிகள் இல்லை என்ற நெறியாளரின் கூற்று பத்து ஆண்டுகளுக்கு முன் சரி. இன்று பாதிதான் சரி. எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் நான்கு ஆண்டுக் கணக்கைப் போட முடியும்.

மேலே சொன்ன இரண்டு இனங்களுக்கும் மரபணுத்தொகுதி இருக்கிறது. இரண்டுமே சிறியவை, ஹிப்சிபியஸுடையது ஏறக்குறைய பத்துக் கோடி எழுத்துகள், ராமசோட்டியஸுடையது அதில் பாதி. இரட்டை இழை ஆர்.என்.ஏவை உட்செலுத்தி ஒரு மரபணுவை அடக்கும் முறை ஹிப்சிபியஸில் 2013இலேயே காட்டப்பட்டுவிட்டது. மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறைக்கு நெடுங்காலம் தடையாக இருந்தது முட்டைதான். பல பூச்சிகளில் முட்டையைக் கையாண்டு உள்ளே ஊசி போடுவது இயலாது. 2022இல் ஒரு குழு முட்டையை விட்டுவிட்டு, முட்டை வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்க் கரப்பான்பூச்சியின் உடலுக்குள் வெட்டும் புரதத்தைச் செலுத்தி, குஞ்சுகளில் மரபணு மாறியிருப்பதைக் காட்டியது. 2024இல் அதே வழியில் ராமசோட்டியஸிலும் மரபணுவை வெட்டிக் காட்டினார்கள். கன்னி இனப்பெருக்கம் இங்கே கைகொடுத்தது, ஏனெனில் மாற்றம் பெற்ற ஒரு குஞ்சைத் தனித்து வைத்தாலே ஒரு வழி உருவாகிவிடும்.

இந்த வேலைகளின் நுணுக்கத்தை நேரில் பார்த்தவர்களுக்கே அதன் மதிப்புத் தெரியும். 2020இல் கணவாயின் கருவில் நிறமி மரபணு ஒன்றை நிறுத்தியவர்கள், கருவைச் சுற்றியுள்ள தடித்த உறையை ஊசியால் துளைக்க முடியாமல், மிக நுண்ணிய கத்தரிக்கோலால் முதலில் ஒரு வெட்டு வெட்டி, அந்த வெட்டின் வழியே குவார்ட்ஸ் ஊசியைச் செலுத்தினார்கள். கருவியல் கைப்பழக்கம் பல ஆண்டுகளாக உள்ள ஒருவர் குழுவில் இருந்ததால்தான் அது நடந்தது. உங்களுக்கு எட்டும் தொலைவில் அப்படி ஊசி போடக் கற்றுத்தரக்கூடியவர் இருக்கிறாரா என்பதைத் தலைப்பை எழுதும் முன்பே பாருங்கள். நுண்ணூசிக் கருவியை வாங்கிவிடலாம். கையை வாங்க முடியாது.

இல்லாதவை என்றால், ஒவ்வொரு புரதத்தையும் அடையாளம் காட்டும் எதிர்ப்புரதங்கள் கிடைக்காது. திசு வாரியாக மரபணுவை இயக்கும் ஆயத்த வழிகள் கிடைக்காது. ஒரு வழியை உறையவைத்துக் காப்பாற்றும் வசதியும் எல்லா இடத்திலும் இருக்காது.

ஆகவே என் யோசனை, நீர்க்கரடியா பழ ஈயா என்று ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டாம் என்பதே. கேள்வியை நீர்க்கரடியிடம் கேளுங்கள், விடையைப் பழ ஈயில் சோதியுங்கள். இதற்கு முன்னுதாரணம் உண்டு. ராமசோட்டியஸில் டி.என்.ஏவோடு ஒட்டியிருக்கும் டிசப் என்ற புரதத்தைக் கண்டவர்கள், 2016இல் அதை வளர்ப்பு மனித உயிரணுக்களில் செலுத்தியபோது, எக்ஸ் கதிரால் டி.என்.ஏவில் ஏற்படும் சேதம் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைந்தது. உலரும் வேளையில் எந்த மரபணுக்கள் ஏறுகின்றன என்று நீர்க்கரடியில் பாருங்கள்; அவற்றுள் நான்கைந்தைத் தேர்ந்து, உங்கள் ஆய்வகத்துக்குப் பழக்கமான பழ ஈயில் செலுத்தி, அது எவ்வளவு நேரம் வறட்சியைத் தாங்குகிறது என்று அளந்து பாருங்கள். நீர்க்கரடிப் பகுதி தாமதமானாலும் ஈப் பகுதி உங்கள் ஆய்வேட்டைத் தாங்கும். நெறியாளரும் தமக்குத் தெரிந்த நிலத்தில் நின்று உங்களுக்கு வழிகாட்ட முடியும்.


பாசித்திட்டு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரையோரம் அவர்கள் கேட்ட கேள்வியை மூன்று நாட்களாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு என் விடை இது: ஹிப்சிபியஸை விரைவாக உலர்த்தினால் இறந்துவிடுகிறது, ஈரப்பதம் மிகுந்த காற்றில் மெதுவாக உலர்த்தினால் பிழைக்கிறது. ராமசோட்டியஸ் விரைவான உலர்தலையும் தாங்குகிறது. அப்படியானால் ஹிப்சிபியஸ் அந்த மெதுவான சில மணி நேரங்களில் ஏதோ ஒன்றைப் புதிதாகச் செய்துகொள்கிறது. ராமசோட்டியஸ் அதை எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடே எனக்கான பிடி என்று தோன்றுகிறது.

இதை நெறியாளரிடம் காட்டினேன். பழ ஈயில் சோதிக்கும் பகுதியைச் சேர்த்தால் அவருக்குச் சம்மதம். ஆனால் அவர் ஒன்று கேட்டார், எனக்கு விடை தெரியவில்லை: நீர்க்கரடியில் கண்டது நீர்க்கரடிக்கு மட்டுமே பொருந்தும் என்று தேர்வாளர் சொன்னால் என்ன சொல்வீர்கள்?


உலர்விதை எழுதியது:

நான் தாவரங்களின் பக்கத்திலிருந்து வருகிறேன். விதைகளும், முழுச் செடியாகவே காய்ந்து மீளும் கிராட்டெரோஸ்டிக்மா போன்ற தாவரங்களும் என் துறை. உங்கள் நெறியாளர் கேட்டது இந்த ஆய்வுப்பரப்பு முழுவதற்குமான கேள்வி என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உலர்ந்தும் வாழும் விலங்குகளில் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரைதான் காப்பாற்றுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதற்குச் சான்றும் இருந்தது. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் உறங்கு முட்டைகளில் அது நிறைந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பாறைக்குழிகளில் வாழும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கொசு போன்ற ஈயின் புழு, உலரும்போது தன் உலர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதைச் சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் பாடநூலில் டிரெஹலோஸே விடையாக நின்றிருக்கும். ஆனால் 2003இல், டெல்லாய்டு வகைச் சக்கர உயிரிகள் இரண்டில் தேடியவர்கள், அவை காய்ந்து மீள்கின்றன, டிரெஹலோஸோ இல்லவே இல்லை என்று கண்டார்கள். நீர்க்கரடிகளிலும் சில இனங்களில் மிகச் சிறிதளவே இருக்கிறது. ஹிப்சிபியஸில் அறியும் அளவுக்குக்கூட இல்லை. அதில் குறிப்பிட்ட வடிவமின்றி நெகிழ்ந்து கிடக்கும் ஒருவகைப் புரதங்கள் அந்த வேலைக்குத் தேவைப்படுகின்றன என்று 2017இல் காட்டினார்கள்.

இப்போது என் பக்கம். பருத்தி விதை முதிரும் கடைசிக் கட்டத்தில் பெருகும் ஒரு புரதக் கூட்டத்தை 1980களின் தொடக்கத்தில் கண்டார்கள். விதையின் சொத்து என்றே அதைப் பல ஆண்டுகள் நினைத்தோம். 2002இல் அதே குடும்பத்துப் புரதம் காய்ந்து மீளும் ஒரு நூற்புழுவில் கிடைத்தது. பிறகு ஆர்ட்டீமியாவிலும், சக்கர உயிரிகளிலும், பாலிபெடிலத்திலும் கிடைத்தது. இவையும் கரைசலில் நெகிழ்ந்து கிடந்து, உலரும்போது வடிவம் கொள்பவை. நீர்க்கரடியின் புரதங்கள் வேறு குடும்பம்; ஆனால் நெகிழ்ந்து கிடக்கும் அந்த இயல்பு பொதுவானது. சர்க்கரை சிலவற்றுக்கு மட்டும் என்பதும், நெகிழ்புரதம் பலவற்றுக்கும் என்பதும் ஒரே உயிரியை எத்தனை ஆண்டு ஆழ்ந்து பார்த்தாலும் புலப்பட்டிருக்காது. தேர்வாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: நீர்க்கரடிக்கு மட்டுமே உரியது எது, எல்லோருக்கும் பொதுவானது எது என்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்த ஆய்வு, அதனால்தான் இரண்டு நீர்க்கரடி இனங்களையும் ஓர் ஈயையும் சேர்த்து எடுத்திருக்கிறேன் என்று.

இன்னும் ஒரு யோசனை. உங்கள் ஆய்வகம் ஈ ஆய்வகம் என்பதால் பாலிபெடிலத்தை மறக்காதீர்கள். அதுவும் இருசிறகிப் பூச்சிதான். பழ ஈக்குத் தொலைவுச் சொந்தம். ஒன்று காய்ந்தால் இறக்கிறது, மற்றது காய்ந்தும் மீள்கிறது. அதன் மரபணுத்தொகுதி 2014இலேயே வெளியாகிவிட்டது. உலர்த்தி வைத்து மீட்கக்கூடிய அதன் உயிரணு வளர்ப்பு வழியும் இருக்கிறது. அதை வளர்க்க வேண்டாம். வெளியான தரவை மட்டும் எடுத்து உங்கள் நீர்க்கரடிப் பட்டியலோடு ஒப்பிட்டாலே, எந்த நான்கைந்து மரபணுக்களைப் பழ ஈயில் செலுத்துவது என்று தேர்ந்தெடுக்க உதவும்.

தொடங்கும்போது ஊசியையும் வரிசைப்படுத்தலையும் தொடாதீர்கள். வளர்ப்பு நிலைபெற்றதும், ஒரே வயதுள்ள நூறு ஹிப்சிபியஸ்களை எடுத்து, குடல் காலியாகும்வரை தூய நீரில் பட்டினி போட்டு, பத்துப் பத்தாகப் பிரித்து, ஈரப்பதத்தை அளந்து வைத்த மூடிய பெட்டியில் வெவ்வேறு மணி நேரம் உலர்த்துங்கள். நீர் விட்ட ஒரு மணி நேரத்தில் எத்தனை கால் அசைக்கின்றன, ஒரு நாள் கழித்து எத்தனை நடக்கின்றன, ஒரு வாரத்தில் எத்தனை முட்டையிடுகின்றன என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். கால் அசைத்துவிட்டு மறுநாள் இறந்துபோகும் விலங்குகள் பல இருக்கும். அவற்றைப் பிழைத்தவையாக எண்ணிவிட்டால் மீதி எல்லாக் கணக்கும் சாய்ந்துவிடும். இதே சோதனையை மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே மாதிரி வரும் நேரத்தைக் கண்டுபிடித்த பிறகு நெறியாளரிடம் போய் அமருங்கள்.